துடைத்து வைத்த அறை

அழைப்பு ஒன்பது மணிக்குத்தான். மடிப்பக்கா ஐந்து மணிக்கே துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டாள்.

முதலில் கட்டிலுக்கு அடியில். இரண்டு வருடமாக வீட்டின் மானம் மொத்தமும் அங்கேதான் பதுங்கிக் கிடந்தது. மூத்திர பாட்டில், சுருட்டி வைத்த ரப்பர் ஷீட், ஈரத்துணி போடும் வாளி. எல்லாவற்றையும் வாரிக்கொண்டுபோய்க் குளியலறைக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். வாக்கரைத் தூக்கிச் சமையலறை மூலையில் சாத்தினாள். தரையை இரண்டு முறை துடைத்து, ஜன்னலைத் திறந்து, மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். போதாது என்று மூன்றாவது முறையும் துடைத்தாள்.

அடுத்தது அவர், அவள் புருஷன். குளிப்பாட்டி, துவட்டி, நாற்காலியில் உட்கார வைத்து முகம் மழித்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கன்னத்தில் பிளேடு கீறினாலும் அவருக்குத் தெரியாது. அதனால் அந்தப் பக்கம் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மழிப்பாள். பிறகு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பொத்தான்களை மேலிருந்து கீழாக அவளே போட்டுவிட்டாள்.

"என்ன, கல்யாணத்துக்குக் கிளம்பறோமா?" என்றார் அவர்.

"கேமராவுல பாக்கப் போறாங்க. அலங்கோலமா உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

"பாக்கப் போறது மெஷின்தானேடி."

"மெஷினுக்குப் பின்னாடி எவராச்சும் ஒருத்தர் இருப்பாங்கல்ல? சும்மா இருங்க, காலர் மடங்குது."

அவள் வேலை பார்ப்பது பெரிய மருத்துவமனையின் லாண்டரியில். இருபத்திரண்டு வருடமாகப் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிறாள். அவள் அடுக்கினால் ஓரங்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிற்கும். அப்படித்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே ஒரு நொடி திரும்ப யோசிப்பாள். மீட்டர் பார்க்க வருகிறவர் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால்கூட, அதற்குள் கூடத்தைத் துடைத்துவிடுகிற ரகம். புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் டிரைவர். முப்பது வருடம் இந்த ஊருக்குள்ளேயே பஸ் ஓட்டியவர். பஸ் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

ஒன்பது மணிக்கு, மேசைமேல் நிறுத்தி வைத்த போனிலிருந்து குரல் வந்தது. பெண் குரல். ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில்கூட அவ்வளவு மரியாதையான குரலை அவள் கேட்டதில்லை. வீட்டு உதவித் துறையின் செயற்கை நுண்ணறிவு மதிப்பீட்டாளர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, சில கேள்விகள் கேட்கலாமா என்று அனுமதியும் கேட்டது.

"உங்கள் சட்டைப் பொத்தான்களை நீங்களே போட்டுக்கொள்ள முடிகிறதா?"

"முடியும்" என்றார் டிரைவர்.

அதைப் பொய் என்று சொல்ல முடியாது. இடது கையால் அரை மணி நேரம் போராடினால் முடியும். இரண்டாவது பொத்தான் மூன்றாவது ஓட்டையில் போயிருக்கும், அவ்வளவுதான்.

"கழிப்பறைக்குத் தனியாகப் போய்வர முடிகிறதா?"

"போவேன்."

"கடந்த மூன்று மாதங்களில் கீழே விழுந்தீர்களா?"

டிரைவர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். "இல்ல" என்றார். நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த மடிப்பக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வெளியாள் முன்னால் புருஷனை மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. அவளும் தலையை ஆட்டி வைத்தாள்.

முடிந்தால் நாலடி நடந்து காட்டச் சொன்னது குரல். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நடந்து காட்டினார். அந்த நாலடிக்குப் பிறகு அன்றைக்கு முழுக்க அவர் எழுந்திருக்கவில்லை. ஆனால் அழைப்பு பதினோரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"நல்லா பேசினீங்க" என்றாள் அவள். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளைகள் மாதிரி இரண்டு பேருக்கும் முகத்தில் ஒரு களை.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. முதல் வரியிலேயே வாழ்த்து. உங்கள் உடல்நிலையில் ஏற்பட்டுள்ள முன்னேற்றத்துக்கு மகிழ்ச்சி. இரண்டாவது வரியில் விஷயம். வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரமாக இருந்த வீட்டு உதவி, இனி ஆறு மணி நேரம்.

இதுவரை திங்கள் முதல் சனி வரை தினமும் மூன்று மணி நேரம் உதவியாளர் வந்துகொண்டிருந்தார். எழுப்பி, கழிப்பறைக்குக் கூட்டிப்போய், சாப்பாடு கொடுத்து, கையைக் காலை நீட்டி மடக்கி விட்டுப் போவார். இனி செவ்வாயும் வெள்ளியும் மட்டும். மற்ற நாட்களில் காலை ஆறரைக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு அவள் கிளம்பினால், மூன்றரைக்குத் திரும்பும்வரை வீட்டுக்குள் அவர் மட்டும். பூட்டாமல் போகலாம் என்றால் அதற்கும் பயம். பூட்டிவிட்டுப் போனாலும் பயம். தெருமுனை வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்து அடுப்பைப் பார்த்திருக்கிறாள்.

மறுபரிசீலனைக்கு மனு போட்டார்கள். கேட்டபோதெல்லாம் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. அதையும் அதே மரியாதையான குரல்தான் சொன்னது.

மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடை பதினான்கு நிமிடம். மதிய இடைவேளை முப்பது நிமிடம். ஓட்டமும் நடையுமாகப் போனால் வீட்டில் நாலைந்து நிமிடம் மிஞ்சும். பாட்டிலைக் காலி செய்து, தண்ணீர் கொடுத்து, முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி ஓட்டம். லாண்டரி இயந்திரங்களின் இரைச்சலில் போன் அடித்தால் கேட்காது என்பதால், அதிர்வில் போட்டு இடுப்பில் செருகியிருப்பாள். சில நாள் போன் அடிக்காமலேயே இடுப்பு அதிரும். எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

"அக்கா, அடுத்த ஒலிம்பிக்ஸுக்கு உங்களைத்தான் அனுப்பப் போறாங்களாம்" என்பாள் உலர்த்தும் இயந்திரத்தில் நிற்பவள்.

"அனுப்பினா அனுப்பட்டும். எங்க வீட்டுக்காரரைப் பாத்துக்க ஆளையும் சேத்து அனுப்பச் சொல்லு" என்று சிரித்துக்கொண்டே ஓடுவாள். சிரிப்பு கதவு வரைக்கும்தான்.

அந்த நாட்களில்தான் இன்னொரு கடிதம் வந்தது. உறையைப் பிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருக்கிற ஆறையும் பிடுங்கிவிட்டார்கள் என்றே நினைத்தாள். விஷயம் வேறு. பொதுச் சேவைகளில் செயற்கை நுண்ணறிவை எந்த அளவுக்கு விடலாம், அதை யார் கண்காணிப்பது என்று ஆராய, குடிமக்களில் நாற்பது பேரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். அதில் அவளும் ஒருத்தி. ஆறு சனிக்கிழமை வர வேண்டும். முதலில் எடுத்துக்கொள்ளப் போவது வீட்டு உதவித் துறையின் மதிப்பீட்டைத்தான்.

"தப்பா வந்திருக்கும். நான் பள்ளிக்கூடத்தையே முழுசா முடிக்கல" என்றாள் போனில் மகளிடம். மகள் வேறு ஊரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள்.

"குலுக்கல்னா அப்படித்தாம்மா. யாருக்கு வேணா விழும். போயிட்டு வா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணு. வாயைத் தொறக்காதே. நம்ம மனு அவங்க மேசையில கெடக்கு. அந்த ஆபீஸ் ஆளுங்கதான் அங்கயும் உட்கார்ந்திருப்பாங்க. எதையாவது சொல்லப்போய் இருக்கறதும் போச்சுன்னா அப்பாவை யார் பாக்கறது? நானா வந்து உட்கார முடியும்?"

கூட்டத்துக்கு வருபவர்களின் வீட்டில் நோயாளி இருந்தால், அந்தச் சனிக்கிழமைகளில் நாள் முழுக்க ஓர் உதவியாளரை அரசே அனுப்பும் என்று கடிதத்தின் அடியில் போட்டிருந்தது. டிரைவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நீ வேலைக்குப் போனா எனக்கு ஆள் கிடையாது. கூட்டம் போடப் போனா ஆள் வருது. பேசாம தினமும் கூட்டத்துக்கே போயேன்." கடிதத்தை இடது கையால் வாங்கி எட்டப் பிடித்துப் படித்தார். "கூட்டத்துக்கு ஒரு நடத்துநர் இருப்பாராமே. நடத்துநர் இருக்கார், சரி. ஓட்டுநர் யாரு?"

"அந்த மெஷின்தான்னு நினைக்கறேன்."

"அப்ப டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி பிரேக் இருக்கான்னு கேட்டுக்கோ."

நூலகத்தின் மாடிக் கூடத்தில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு டீ ஃபிளாஸ்க், சுவரில் திரை. பெயருக்குப் பதில் தொழிலை எழுதிச் சட்டையில் குத்திக்கொள்ளச் சொன்னார்கள். இவள் "லாண்டரி" என்று எழுதினாள். பக்கத்து நாற்காலியில் பெரிய உடம்போடு கறிக்கடைக்காரர். அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பின்வரிசைச் சுவரோரம் துறை அதிகாரி ஒருவர் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு, யார் வாயைத் திறந்தாலும் தட்டிக்கொண்டிருந்தார். அவர் தட்டும் சத்தம் கேட்டாலே மடிப்பக்கா தலையைக் குனிந்துகொள்வாள்.

அந்தக் குரலைச் செய்த நிறுவனத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்து விளக்கினார். கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். பதில்கள், கேமராக் காட்சி, மருத்துவக் காகிதங்கள் மூன்றையும் சேர்த்து அது ஒரு மதிப்பெண் போடும். கடைசியில் ஓர் அதிகாரி பார்த்து ஒப்புதல் கொடுப்பார். அவர் நினைத்தால் மாற்றலாம்.

"ஆயிரத்துல எத்தனை மாத்தியிருக்காங்க?" என்றார் கணக்கு டீச்சர்.

பொறியாளர் காகிதத்தைப் புரட்டினார். "நாலு."

"அப்ப அவர் பாக்கறாரா, கையெழுத்து மட்டும் போடறாரா?"

சுவரோரம் தட்டும் சத்தம் வேகமானது.

கறிக்கடைக்காரர் எழுந்தார். எழுந்தாலே கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடும். "சார், என் கடைத் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போடணும். ஆபீசர் வரும்போது அவரோட எடைக்கல்லைத்தான் கொண்டுவருவார். என் கல்லை நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. உங்க தராசுக்கு எவர் கல் கொண்டுவர்றது?"

"நாங்களே தொடர்ந்து சோதிக்கிறோம்."

"அதாவது நானே என் தராசுக்கு முத்திரை குத்திக்கற மாதிரி. ஐயா, நல்லா இருக்கே இது! இத்தனை வருஷம் எனக்குத் தோணாமப் போச்சே."

எல்லாரும் சிரித்தார்கள், பொறியாளரும்கூட. மடிப்பக்கா சிரிக்காமல் நோட்டுப் புத்தகத்தில் "எவர் கல்" என்று எழுதி வைத்தாள். மூன்று சனிக்கிழமை அவள் செய்தது அவ்வளவுதான். கை தூக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் மகளின் குரல் காதுக்குள் கேட்கும். தூக்கப்போன கை டீ கிளாஸை எடுத்துக்கொள்ளும்.

"இன்னைக்காவது பேசினியா?" என்பார் டிரைவர் ஒவ்வொரு சனிக்கிழமையும்.

"அங்க எங்க நம்மளைப் பேச விடறாங்க."

மூன்றாவது கூட்டத்துக்குப் பிறகு வந்த வியாழக்கிழமை. மதியம் ஓடிவந்து பூட்டைத் திறந்தால் கட்டிலில் ஆளைக் காணோம். நாற்காலியிலும் இல்லை. கூப்பிட்ட குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"இங்கதான் இருக்கேன். எதுக்குக் கத்தற?"

சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வாக்கர் குப்புறக் கிடந்தது.

"சும்மாதான். தரை ஜில்லுனு இருந்துச்சு, உட்கார்ந்தேன்."

"எப்ப உட்கார்ந்தீங்க?"

"இப்பதான்."

கால்சட்டை நனைந்து காய்ந்து மறுபடி நனைந்திருந்தது. முழங்கையில் தோல் வழன்ற இடத்தில் ரத்தம் கறுத்து உறைந்துபோயிருந்தது. தினமும் எட்டரைச் செய்திக்கு அவர் ரேடியோவைப் போடாமல் இருந்ததில்லை. இன்றைக்கு ரேடியோ வாயை மூடிக்கொண்டிருந்தது. எட்டரைக்கு முன்னாலிருந்து மதியம் வரை என்று அவள் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். படுக்கை விரிப்பை நான்காக மடித்து, அவர் கக்கத்துக்குள் கொடுத்துச் சுற்றி, இரண்டு நுனியையும் இழுத்துத் தூக்கினாள். நோயாளிகளை வார்டு ஆட்கள் அப்படித் தூக்குவதைப் பார்த்திருக்கிறாள். மூன்றாவது இழுப்பில் எழுந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வேலைக்கு இருபத்தைந்து நிமிடம் தாமதம். "இன்னொரு தடவைன்னா எழுதித்தான் ஆகணும்க்கா" என்றார் மேற்பார்வையாளர். அவள் தலையாட்டிவிட்டு விரிப்புகளை மடிக்கத் தொடங்கினாள். அன்றைக்கு அவள் அடுக்கிய அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உலர்த்தும் இயந்திரத்துக்காரி அதைப் பார்த்துவிட்டு வேடிக்கை பேசாமல் நகர்ந்தாள்.

நான்காவது சனிக்கிழமை பொறியாளர் இரண்டு வீடியோ போட்டுக் காட்டினார். நடிகர்களை வைத்து எடுத்தது. இரண்டிலும் ஒரே கேள்வி, ஒரே பதில். முதல் ஆள் துணிமணி இறைந்து கிடக்கும் அறையில், சவரம் செய்யாத முகத்தோடு. இரண்டாவது ஆள் சுத்தமான அறையில், தேய்த்த சட்டையில். முதல் ஆளுக்குப் பதினாறு மணி நேரம், இரண்டாவது ஆளுக்கு ஒன்பது.

"பதில் ஒண்ணுதானே? ஏன் ஏழு குறையுது?" என்றார் டீச்சர்.

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அறையைப் பாருன்னு நாங்க அதுக்குச் சொல்லல. ஆனா எதையெல்லாம் பாத்து அது மதிப்பெண் போடுதுன்னு முழுசா எங்களாலயும் சொல்ல முடியல. அதனாலதான் இதை உங்களுக்குக் காட்டறேன்."

மூன்று முறை துடைத்த தரை மடிப்பக்காவின் கண் முன்னால் வந்து நின்றது. அந்தக் காலர், வலது கன்னம். ஆறு மணி நேரம் என்று தீர்ப்பு எழுதியது தன் கைதானா? எப்போது எழுந்து நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. கறிக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தபோதுதான் தான் நிற்பது உறைத்தது.

"நான் தொடைச்சேங்க" என்றாள்.

"மெதுவா சொல்லுங்கம்மா" என்றார் கூட்டத்தை நடத்தும் அம்மாள்.

"வீட்டைத் தொடைச்சேன். அவரைக் குளிப்பாட்டி, மழிச்சு, சட்டை போட்டுவிட்டு உட்கார வச்சேன். பொத்தானை நான்தான் போட்டேன். அது கேட்டுச்சு, போட முடியுமான்னு. முடியும்னார். நான் பின்னாடியே நின்னேன், ஒண்ணும் சொல்லல. வெளி மனுஷங்க வந்தா அப்படித்தானேங்க இருப்போம்? மூத்திர பாட்டிலை நடுவுல வச்சுக்கிட்டா உட்காருவோம்? அவருக்கு வாரத்துல நாலு நாள் படுக்கை நனையும். அதுக்கு ரப்பர் ஷீட் போடறேன். அதையும் ஒளிச்சேன். விழுந்தீங்களான்னு கேட்டுச்சு. அதுக்கு முந்தின வாரம்தான் விழுந்தார். இல்லைன்னார், நானும் தலையாட்டினேன். போன வியாழக்கிழமை நாலு மணி நேரத்துக்கு மேல தரையில கிடந்தார். கேட்டா, ஜில்லுனு இருந்துச்சுன்னு சொல்றார்."

சுவரோரம் தட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

முதலில் பேசியது கறிக்கடைக்காரர். இந்த முறை அவர் எழுந்திருக்கவில்லை. "எங்கம்மாவுக்கு நான் புதுப் போர்வை வாங்கிப் போட்டேன். தலை வாரி விட்டேன்" என்றார் தரையைப் பார்த்தபடி.

நடத்தும் அம்மாள் யோசித்துவிட்டு, வீட்டில் யாராவது இந்த மதிப்பீட்டுக்கு உட்பட்டிருந்தால் கை தூக்கச் சொன்னார். பதினான்கு கைகள். அழைப்புக்கு முன்னால் வீட்டை ஒழுங்குபடுத்தியவர்கள்? பன்னிரண்டு கைகள் இறங்காமல் நின்றன.

பொறியாளர் பேனாவைக் கீழே வைத்தார். "இது எங்க குழுவுல ஒருத்தருக்குக்கூடத் தோணலைங்க."

"ஏன் சார், உங்க வீட்டுக்கெல்லாம் விருந்தாளியே வர மாட்டாங்களா?" என்றார் கறிக்கடைக்காரர்.

ஐந்தாவது சனிக்கிழமை முழுக்கப் பரிந்துரை எழுதினார்கள். மணி நேரத்தைக் கூட்டுவதென்றால் இயந்திரம் கூட்டிக்கொள்ளட்டும். குறைப்பதென்றால் ஒரு மனிதர் வீட்டுக்கு வந்து ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடிதத்தின் அடியில் அந்த மனிதரின் பெயரும் போன் எண்ணும் இருக்க வேண்டும். கறிக்கடைக்காரர் விடாப்பிடியாக நின்று எடைக்கல் விஷயத்தையும் சேர்க்க வைத்தார். துறையும் இல்லாமல், நிறுவனமும் இல்லாமல், உதவி பெறும் வீட்டுக்காரர்களே பாதிக்கு மேல் இருக்கும் ஒரு குழு ஆண்டுதோறும் இயந்திரத்தைச் சோதிக்க வேண்டும். "சேதிக்க இல்ல, சோதிக்க. நல்லா எழுதுங்கம்மா, அப்புறம் வெட்டத்தான் சொன்னீங்கன்னு நான் கத்தியோட வந்துடுவேன்" என்றார். மடிப்பக்காவின் இரண்டு வாக்கியத்தை வார்த்தை மாறாமல் எடுத்துக்கொண்டார்கள். வாழ்க்கையில் அவள் சொன்னதை யாரும் எழுதிவைத்தது அதுதான் முதல் தடவை. பெருமைப்படலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். அதற்குள் அந்த அம்மாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்களோடது மாதிரி நேரடி வாக்குமூலம் ஒண்ணாவது அறிக்கையில இணைக்கணும். ஆவணம் இல்லாத அனுபவத்தை ஏத்துக்க முடியாதுன்னு துறை இப்பவே எழுதிட்டாங்க. அது இல்லைன்னா இந்தப் பகுதி முழுக்க 'சில உறுப்பினர்கள் கருதுகிறார்கள்'னு ஒத்தை வரியா சுருங்கிடும்."

"மத்தவங்க இருக்காங்களேம்மா. என்னை விட்டாலும் பதினோரு பேரு."

"கேட்டுட்டேன். சிலர் வீட்டுல நோயாளியே காலமாயிட்டாங்க. கறிக்கடைக்காரரோட அம்மாவுக்கு நினைவே இல்ல, கையெழுத்து செல்லாது. மத்தவங்க வீட்டுல ஒத்துக்கல." ஒரு காகிதத்தை நீட்டினார். "நீங்க சொன்னதை அப்படியே தட்டச்சு பண்ணியிருக்கு. ஆனா இது உங்க வீட்டுக்காரரோட உடம்பு சம்பந்தப்பட்டது. அதனால கையெழுத்து அவர்தான் போடணும். திங்கள் காலையில பத்து மணிக்குள்ள."

"போட்டா எங்க மனு என்னங்க ஆகும்?"

அந்த அம்மாள் காகிதத்தை மடித்து அவள் கையில் வைத்தார். "பொய்யா தைரியம் சொல்ல எனக்கு இஷ்டமில்ல. யாராவது படிச்சுட்டு நேர்ல வந்து பாக்கலாம். இல்ல, முதல்ல சொன்னதெல்லாம் தப்புன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்கன்னு இருக்கறதையும் நிறுத்தலாம். எனக்குத் தெரியல."

மடித்த காகிதத்தோடு அவள் வீட்டுக்கு வந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் கேட்கலாம் என்று நினைத்தாள். அவர் நல்ல மனநிலையில் இருந்தார், கெடுக்க மனம் வரவில்லை. ஞாயிறு காலை கேட்கலாம் என்று நினைத்தாள், துணி துவைத்தாள். மகள் போன் செய்தபோது காகிதத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு, அவர் ஜன்னலோர நாற்காலியில் இருந்தபோது, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு படிக்கறேன். முழுசாக் கேளுங்க."

படித்தாள். ஒன்றரைப் பக்கம். பொத்தான், வாக்கர், நாலடி நடை. படுக்கை நனைகிற வரி வந்தபோது குரல் இறங்கியது. ஆனாலும் விடாமல் படித்தாள். வியாழக்கிழமை வரைக்கும் படித்து முடித்துவிட்டுக் காகிதத்தை மடியில் வைத்தாள்.

டிரைவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதினது யாரு?"

"நான் சொன்னது. அவங்க எழுதினாங்க."

"சொன்னதுன்னா? அந்த அம்மாகிட்டயா?"

"கூட்டத்துல."

"நாப்பது பேருக்கு நடுவுல."

"ஆமா."

"அங்க எங்க பேச விடறாங்கன்னு சொன்னியே."

அவள் மடியிலிருந்த காகிதத்தைக் குனிந்து பார்த்தாள்.

"முப்பது வருஷம் இந்த ஊர்ல பஸ் ஓட்டியிருக்கேன். அந்த நாப்பதுல பாதி பேரு என் பஸ்ல ஏறி இறங்கினவங்களா இருப்பாங்க. தெரியுமா உனக்கு? டிரைவரண்ணேன்னு கூப்பிட்டவங்க." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அந்த மெஷின்கிட்ட சொல்லாததைப் போய் மனுஷங்ககிட்ட சொல்லியிருக்க."

"மெஷின்கிட்ட சொல்லியிருக்கணும். ரெண்டு பேருமே சொல்லல."

"பாட்டிலைக்கூட விடலையே நீ."

"வியாழக்கிழமை நீங்க எட்டரைக்கு முன்னாடியே விழுந்துட்டீங்க. எனக்குத் தெரியும். ரேடியோ போடல. ரத்தம் காய்ஞ்சிருந்துச்சு." அவள் காகிதத்தின் ஓரத்தை நகத்தால் நீவினாள், நீவிய இடத்தையே மறுபடி நீவினாள். "நாளைக்கு நான் வேலைக்குப் போகணும். நாளன்னைக்கு ஆள் வருவார். புதன்கிழமை மறுபடி பூட்டிட்டுத்தான் போகணும். ஒவ்வொரு தடவை பூட்டைத் திறக்கறப்பவும் எனக்கு என்ன ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியாது. உள்ள போயி நான் என்னத்தைப் பாக்கப் போறேனோன்னு..."



"போட்டா பதினெட்டு திரும்பி வருமா?" என்றார் அவர்.

"தெரியாது."

"இருக்கற ஆறு?"

"அதுவும் தெரியாது. கேட்டேன். அவங்களுக்கும் தெரியல."

"அப்புறம் எதுக்கு?"

"வேற ஒருத்தி வீட்டைத் தொடைச்சுக்கிட்டு இருப்பா இந்நேரம். அவளுக்கும் தெரியாது." சொன்ன பிறகு, அது உண்மையில் பாதிதான் என்று அவளுக்கே பட்டது. மீதிப் பாதியையும் சொன்னாள். "எனக்குப் பயமா இருக்குங்க. யாராவது ஒருத்தர் நேர்ல வந்து உங்களைப் பாக்கணும். வேற வழி எனக்குத் தெரியல."

பேனாவின் மூடியைக் கழற்றி, ஜன்னல் கட்டையில் அவருடைய இடது கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தாள். பக்கத்தில் காகிதம். கீழே கோடு போட்ட இடம் வெறுமையாக இருந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள கொடுக்கணும். போடறீங்களா?"

டிரைவர் பேனாவைப் பார்த்தார். கை நீண்டது, பேனாவைத் தாண்டி. வாக்கரின் கைப்பிடியைப் பற்றித் தன் பக்கம் இழுத்தது. முதல் தடவை எழப் பார்த்தார், முடியவில்லை. இரண்டாவது தடவையும் நாற்காலியிலேயே விழுந்தார். அவள் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படியே உட்கார்ந்தாள். மூன்றாவது தடவை எழுந்து நின்றார். உடம்பு ஆடியது, நின்றது. வலது காலைத் தரையோடு இழுத்து, வாக்கரை ஒரு சாண் நகர்த்தி, நின்று, மறுபடி ஒரு சாண் நகர்த்தி, அவள் முழங்காலை உரசிக்கொண்டு கடந்து, உள் அறைக்குப் போனார். ஜன்னல் கட்டையில் காகிதத்தின் கோடு வெறுமையாகவே இருந்தது.